கார் ஆலையின் ஞாயிற்றுக்கிழமை மின்கணக்கு

கார் ஆலைகளில் மின்சாரம், தண்ணீர், கழிவு ஆகியவற்றின் கணக்கைப் பார்ப்பதுதான் என் வேலை. புதிதாக ஓர் ஆலைக்குப் போனால் நான் முதலில் கேட்பது, போன ஞாயிற்றுக்கிழமையின் மின்சார மீட்டர் அளவு. அன்று ஒரு கார்கூட வெளியே வந்திருக்காது. ஆனாலும் மீட்டர் ஓடியிருக்கும். வேலை நாளில் ஓடுவதில் மூன்றில் ஒரு பங்கு வரை ஓடிய ஆலைகளையும் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஓர் ஆலையில், ஞாயிறு இரவு வெல்டிங் ஷாப்புக்குள் நடந்துபோனோம். கூட வந்தவர் பராமரிப்புப் பிரிவின் மூத்த ஃபிட்டர். ரோபோக்கள் நின்றிருந்தன, விளக்குகள் பாதி அணைந்திருந்தன. அந்த அமைதியில் நாலா பக்கமும் 'உஸ்ஸ்' என்று காற்று கசியும் சத்தம். குழாய் இணைப்புகளில், சிலிண்டர்களில், எப்போதோ கழற்றிவிட்டுச் சரியாக மூடாத முனைகளில். "வேலை நாள்ல இது காதுலயே விழாது சார்," என்றார் அவர்.

ஆலையில் விலை அதிகமான ஆற்றல் எது என்று கேட்டால் பலரும் மின்சாரம் அல்லது எரிவாயு என்பார்கள். என் பதில், கருவிகளை இயக்கக் கம்ப்ரெசர் குழாய்களில் தள்ளும் அழுத்தக் காற்று. கம்ப்ரெசருக்குள் போகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்குதான் பயனுள்ள வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. துளை ஒன்று இருந்தால், அதற்குக் காற்று நிரப்பவே ஏறக்குறைய 3.5 கிலோவாட் மின்சாரம் வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடினால் 30,000 யூனிட். அது ஒரே ஒரு துளை. சரியாகக் கவனிக்காத ஆலையில் கம்ப்ரெசர் தள்ளும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போவது சாதாரணம்.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுற்றுச்சூழல் திட்டம் என்றவுடன் மேலாளர்கள் மனதில் வருவது ஒரு செலவுத் தலைப்பு: அபராதம் வராமல் இருக்கக் கட்ட வேண்டிய பணம். ஆனால் புகைபோக்கி வழியாகவும் கழிவுநீர்க் குழாய் வழியாகவும் வெளியே போகும் பொருள் எல்லாம் நாம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியதுதான். அது எந்தக் கணக்கிலும் நஷ்டமாகப் பதிவாவதில்லை என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பெயின்ட் ஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கார் பூட்டும் ஆலையில் செலவாகும் மொத்த ஆற்றலில் பாதியோ அதற்கு மேலோ அங்கேதான் போகிறது. பெயின்டை விட, காற்றுக்குத்தான் அங்கே செலவு. ஸ்பிரே பூத் எனப்படும் பெயின்ட் அடிக்கும் அறைக்குள் காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூச்சு வழியும், அல்லது ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும். அதனால் வெளிக்காற்றை இழுத்து, சூடாக்கி அல்லது குளிர்வித்து, ஈரம் சேர்த்து, கார் மேல் ஒருமுறை ஓடவிட்டு, அப்படியே வெளியே தள்ளுவார்கள். பழைய ஆலைகளில் இன்னும் இதுதான் நடக்கிறது.

அடுத்தது பெயின்ட். சாதாரண ஸ்பிரே துப்பாக்கியில் அடித்தால் பாதிக்கு மேல் காரில் ஒட்டாது. ஒட்டாத பெயின்ட் பூத்தின் அடியில் ஓடும் தண்ணீரில் விழுந்து சேறு போன்ற ஸ்லட்ஜாகத் திரளும். அதை அபாயக் கழிவு என்று தனியாக எடுத்து, காசு கொடுத்து அப்புறப்படுத்த வேண்டும். ஆக, ஒரே பெயின்டுக்கு வாங்கும்போது ஒருமுறை, தூக்கி எறியும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை பணம் கட்டுகிறோம். நடுவில் அந்தத் தண்ணீருக்கும், அதில் கலக்கும் ரசாயனத்துக்கும், பம்புக்கும், ஆளுக்கும் செலவு வேறு. பெயின்ட் துளிகளுக்கு மின்னேற்றம் கொடுத்து காரை நோக்கி ஈர்க்கும் எலெக்ட்ரோஸ்டாடிக் முறையில் அடித்தால் பெயின்டின் பெரும்பகுதி காரிலேயே ஒட்டுகிறது. தண்ணீருக்குப் பதில் சுண்ணாம்புத் தூளோ அட்டை ஃபில்டரோ வைத்து பெயின்ட் துகளைப் பிடித்தால், பூத் காற்றில் பெரும்பகுதியைத் திரும்பவும் பயன்படுத்தலாம். ஈரமான பூச்சின் மேலேயே அடுத்த பூச்சை அடிக்கும் முறைக்கு மாறினால் நடுவிலிருக்கும் ஓவன் ஒன்றே தேவைப்படாது. ஓவன் போனால் அதன் எரிவாயு போகும், அது அடைத்திருந்த தரைப்பரப்பும் மிச்சமாகும். இந்த மாற்றங்களைப் புகை குறைப்பதற்கென்று ஆரம்பித்தவர்கள் உண்டு, செலவு குறைப்பதற்கென்று ஆரம்பித்தவர்களும் உண்டு. இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

தகட்டை வெட்டி, அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் எனக்கு எப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அங்கே வாங்கும் தகட்டில் ஐந்தில் இரண்டு பங்கு வரை ஸ்க்ராப்பாக விழுவதுண்டு. கதவுத் தகட்டில் கண்ணாடிக்காக வெட்டி எடுக்கும் துண்டைப் பாருங்கள், அது நல்ல தகடு. அதிலிருந்து சின்ன பிராக்கெட் அடிக்கலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் 'ஸ்க்ராப் விற்பனை வருமானம்' என்று ஒரு வரி இருக்கும். அது கூடினால் சந்தோஷப்படுவார்கள்! நல்ல விலைக்கு வாங்கி, வெட்டக் கூலியும் மின்சாரமும் கொடுத்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்கு விற்றதை வருமானம் என்று எழுதுகிறோம். வீணாகும் பொருளுக்கும் அதன் முழு அடக்கவிலையைப் போட்டுக் காட்டும் கணக்குமுறை ஒன்று இருக்கிறது. 2011-இல் ஐ.எஸ்.ஓ. 14051 என்று அதற்குத் தரநிலையே வந்துவிட்டது. கணக்கை அப்படிப் போட்டுக் காட்டிய பிறகு, நிதிப் பிரிவிடம் நான் சுற்றுச்சூழல் என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஃபோர்டு தன் எஃப்-150 வண்டியின் உடலை 2015 மாடலில் அலுமினியத்துக்கு மாற்றியபோது, ஸ்க்ராப்பை உலோகக் கலவை வாரியாகப் பிரித்து எடுக்கும் அமைப்பையும் சேர்த்தே கட்டியது. கலவை கலந்துவிட்டால் அலுமினியத்தின் மதிப்பு விழுந்துவிடும். பிரிந்திருந்தால் உருட்டாலைக்குத் திரும்பி மறுபடியும் கார் தகடாகவே வரும். அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும். விலை உயர்ந்த உலோகத்துக்கு மாறியதன் பாரத்தைத் தாங்கியதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

இதுவரை சொன்னதை வீட்டுச் சிக்கனம் என்று சொல்லிவிடலாம். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: எதிர்காலச் சட்டத்தை முன்கூட்டியே பார்த்து வண்டியை வடிவமைப்பது.

1970-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, காரின் புகையில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 1975-க்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. பெரிய நிறுவனங்கள் முடியாது என்று வாதாடின. அன்று கார் தொழிலில் புதியவராக இருந்த ஹோண்டா, சி.வி.சி.சி. என்ற எஞ்சினை 1972-இல் அறிவித்தது. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி என்ற கருவி இல்லாமலேயே அது அந்த அளவை எட்டியது. டொயோட்டா, ஃபோர்டு போன்றவர்களே அதற்கு உரிமம் வாங்கினார்கள். அடுத்த வருடமே எண்ணெய் நெருக்கடி வந்தது. குறைவாகக் குடிக்கும், குறைவாகப் புகைவிடும் சின்ன கார் ஹோண்டாவின் கையில் தயாராக இருந்தது.

எதிர்த் திசையில் போனது ஃபோக்ஸ்வேகன். டீசல் எஞ்சின்களில் சோதனை நேரத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் இருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 1.1 கோடி வண்டிகள். அபராதம், திரும்பப் பெறுதல், வழக்குகள் எல்லாம் சேர்ந்து 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு, உண்மையிலேயே புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கார்பன் அளவுக்கு ஐரோப்பா நேரடியாகவே விலை வைத்துவிட்டது. ஒரு நிறுவனம் விற்கும் புதிய கார்கள் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடின் சராசரி, இலக்கைத் தாண்டினால் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். பத்து லட்சம் கார் விற்பவர் 3 கிராம் தாண்டினால் 28.5 கோடி யூரோ. எஞ்சின் வடிவமைப்பாளர் தன் மேசையில் உட்கார்ந்து குறைக்கும் ஒரு கிராமுக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது. மின்கார் செய்யும் டெஸ்லா 2020-இல், புகை வரம்பை எட்ட முடியாத மற்ற நிறுவனங்களுக்குத் தன் புகைக் கடன்புள்ளிகளை (வரம்புக்குக் கீழே இருப்பதற்காகக் கிடைக்கும் புள்ளிகள்) விற்றே 158 கோடி டாலர் ஈட்டியது. அந்த ஆண்டு அதன் நிகர லாபம் 72.1 கோடி டாலர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தாமதித்தவர்களின் பணம் போட்டியாளரின் லாபமானது.

எல்லாச் சுற்றுச்சூழல் முதலீடும் உடனே லாபம் தரும் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். பெரிய தடை, இரண்டு வருடத்தில் போட்ட பணம் திரும்ப வேண்டும் என்ற விதி. காற்றுக் கசிவுக்கு அந்த விதி பொருந்தும், சில வாரங்களிலேயே திரும்பிவிடும். பெயின்ட் ஷாப்புக்குப் பொருந்தாது. ஒருமுறை கட்டினால் 20, 30 வருடம் ஓடும் ஒன்றை இரண்டு வருடக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பழைய மாதிரியேதான் மறுபடியும் கட்டுவோம். அதனால்தான் இந்த முடிவுகள் ஆலை மேலாளர் மட்டத்தில் நிற்காமல் நிர்வாகக் குழுவுக்குப் போக வேண்டும் என்கிறேன்.

உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. கார் நிறுவனங்கள் இப்போது விலைப்பட்டியலோடு அந்தப் பாகத்தின் கார்பன் அளவையும் கேட்க ஆரம்பித்துவிட்டன. ஐரோப்பாவில் விற்கும் மின்கார் பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரியிலிருந்து டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது அந்தப் பேட்டரியின் விவரங்கள் அடங்கிய மின்னணுப் பதிவு, கட்டாயம். கேள்வி வந்த பிறகு மீட்டர் மாட்டினால் கையில் ஒரு வருடக் கணக்குகூட இருக்காது. ஒவ்வொரு பெரிய எந்திரத்துக்கும் தனி மீட்டர் வையுங்கள், இன்றைக்கே.

அந்த ஞாயிறு இரவுக்கு அப்புறம், கசிவு இருந்த இடங்களில் எல்லாம் ஃபிட்டர் சிவப்பு அட்டை கட்டிக்கொண்டே போனார். பெரும்பாலானவற்றுக்கு வாஷரும் கிளிப்பும் போதுமாக இருந்தது. வேலை முடிய மூன்று மாதம் ஆனது. காற்று போதவில்லை, இன்னொரு கம்ப்ரெசர் வேண்டும் என்று பராமரிப்புத் தலைவர் ஒரு கொள்முதல் கோரிக்கை அனுப்பியிருந்தார். அதை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.