பூத்த கரும்பும் ராத்திரிக் கணக்கும்

கவுந்தப்பாடிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஏனுங்க, எங்க காட்டுல கரும்பு பூவெடுத்துருச்சுங்க. பூவை நறுக்கி விட்டா மறுபடி வளருமுங்களா? பூத்த கரும்பு குடும்பத்துக்கு ஆகாதுன்னு எங்க அம்மிச்சி வேற சொல்றாங்க."

வளராதுங்க. இத்தனை நாள் இலை, கணு, இலை, கணு என்று அடுக்கிக்கொண்டே போன அதே நுனிக்குருத்துதான் இப்போது பூவாக மாறி நிற்கிறது. வெள்ளிக் குஞ்சம் கண்ணுக்குத் தெரியும்போது, மேலே வளர வேண்டிய நுனி உள்ளே இல்லை. அதை நறுக்கி என்ன ஆகப்போகிறது?

பூவெடுப்பது ஐப்பசி, கார்த்திகையில் என்றாலும், பூக்கலாம் என்ற முடிவு ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கிலேயே எடுத்தாகிவிடுகிறது. எடுப்பது இலை. இலைகளில் பைட்டோகுரோம் என்று ஒரு நிறமி உண்டு. பகல் வெளிச்சம் பட்டால் அது ஒரு வடிவத்துக்குத் தாவும். இருட்டில் மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அடியில் ஊசித் துளை போட்ட சொம்பு மாதிரி. பொழுது சாயும்போது சொம்பு நிறைந்திருக்கும், ராத்திரி முழுக்கச் சொட்டும். எவ்வளவு வடிந்தது என்பதைச் செடி தன் உள் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பெயருக்குத்தான் பகல்நீளம் என்கிறோம், செடி எண்ணுவது இருட்டை. ஆராய்ச்சிக்காரர்கள் நடு ராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டே கரும்பைப் பூக்கவிடாமல் செய்திருக்கிறார்கள். சொம்பு பாதியில் மறுபடி நிறைந்துவிட்டால் கணக்கு குழம்பத்தானே செய்யும்!

கணக்கு சரியாக வந்தால் இலையில் ஒரு புரதம் உருவாகி, சர்க்கரை போகிற அதே குழாய் வழியாக நுனிக்குப் போய்ச் சேரும். இப்படி ஒரு தூது இருக்க வேண்டும் என்று 1930-களிலேயே ஊகித்துவிட்டார்கள். அது இந்தப் புரதம்தான் என்று உறுதியானது 2007-இல், நெல்லிலும் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றிலும்.

இனி நம்ம ஊர் விசேஷம். கரும்புக்குப் பிடித்த பகல் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். கோயமுத்தூர் பதினொரு டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஆகஸ்டு நடுவில் அந்த அளவு வாய்க்கிறது. அப்புறம் நாளுக்கு அரை நிமிடம்தான் குறையும். டெல்லிப் பக்கம் அந்த அளவு வருவதே செப்டம்பரில், வந்ததும் நாளுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் சரிந்துவிடும். போதாததற்குக் குளிரும் வந்து மகரந்தத்தை மலடாக்கும். கரும்பு நிதானமாக யோசித்துப் பூக்க இங்கேதான் அவகாசம். 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை இங்கே தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நட்ட கரணையிலிருந்து, அதாவது தண்டுத் துண்டிலிருந்து, வருவது தாயின் அச்சுதான். புது ரகம் வேண்டுமென்றால் பூவும் விதையும் வேண்டும். வெள்ளை என்ற கரும்பையும் காட்டு நாணலையும் இங்கே சேர்த்துப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-இல் வடக்கே போனது. 'கோ' என்பது கோயமுத்தூர். இன்றும் வடமாநில ஆராய்ச்சிக்காரர்கள் பூக்கும் பருவத்தில் இங்கே வந்து, ஆண் பூவை மேலும் பெண் பூவைக் கீழும் வைத்துத் துணிக்கூண்டு கட்டி, தூசி போன்ற விதையை ஊருக்கு எடுத்துப் போகிறார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மாதிரி.

அந்தத் தூசியிலிருந்து ஒரு ரகம் காட்டுக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிடிக்கும். மூன்று வருஷத் திட்டம், மார்ச்சுக்குள் செலவுக் கணக்கு என்று ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் கரும்பைப் பார்த்ததே இல்லையோ என்று எனக்குத் தோன்றும்.

சரி, அம்மிச்சி விஷயம். பூத்ததை மாசக்கணக்கில் நிறுத்தி வைத்தால் தண்டு நெட்டியாகி எடை குறையும், பக்கக் கணுக்கள் முளைத்துச் சர்க்கரையைத் தின்னும். குடும்பத்துக்கு ஆகாது என்பதில் அவ்வளவுதான் உண்மை. ஒரு மாசத்துக்குள் சர்க்கரை மில்லிலிருந்து வெட்டு ஆர்டர் வந்துவிடும் என்றால் பேசாமல் இருங்கள். வராது போலிருந்தால், கரும்புச்சாறு காய்ச்சும் ஆலைக்காரர் யாராவது கவுந்தப்பாடியிலேயே கிடைப்பார், நாட்டுச் சர்க்கரையாகக் காய்ச்சிவிடுங்கள்.