எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும்

சிட்னியிலிருந்து லண்டன் வரையிலான சுமார் 17,000 கிலோமீட்டர் தொலைவை வழியில் எங்கும் இறங்காமல் கடப்பதற்காக, ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் 2022 மே மாதத்தில் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களை வாங்க முடிவு செய்தது. ‘புராஜெக்ட் சன்ரைஸ்’ எனப்படும் இத்திட்டத்துக்கான விமானங்கள் 22 மணி நேரம் வரை பறக்கக்கூடியவை. தொட்டியைப் பெரிதாக்கினால் போதாதா என்று தோன்றலாம். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

எடை கூடினால் இறக்கைகள் தர வேண்டிய தூக்குவிசை கூடும். அதோடு காற்றின் இழுவையும் கூடும். அந்த இழுவையை வெல்ல எஞ்சின் மேலும் எரிக்க வேண்டும். கூடுதலாக ஏற்றும் எரிபொருளில் மணிக்கு 3 முதல் 4 சதவீதம் வரை அதைச் சுமப்பதற்கே செலவாகும் என்பது தோராயக் கணக்கு. இரண்டு மணி நேரப் பயணத்தில் இது பொருட்டல்ல. இருபது மணி நேரப் பயணத்திலோ, கடைசிக் கட்டத்துக்கென ஒதுக்கிய ஒரு டன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க, ஏறக்குறைய இன்னொரு டன்னை வழியிலேயே எரித்தாக வேண்டும். புறப்படும்போது கனம் மிகுந்திருப்பதால் விமானம் முதலில் சற்றுத் தாழ்வாகப் பறந்து, தொட்டி காலியாகக் காலியாகப் படிப்படியாக மேலேறுகிறது.

இந்த விமானங்களின் பின்பகுதியில் 20,000 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று கூடுதலாக அமைகிறது. அதன் வடிவமைப்பை மாற்ற வேண்டியிருந்ததாலேயே திட்டம் தாமதமானது. அது நிரம்பினால் ஏறும் எடை சுமார் 16 டன். பெட்டியோடு ஆளுக்கு 100 கிலோ என்று கொண்டால், 160 பயணிகளின் எடை. இதே ரக விமானத்தில் வேறு சில நிறுவனங்கள் 300க்கும் மேற்பட்ட இருக்கைகளை அமைக்க, குவாண்டாஸ் 238 இருக்கைகளோடு நிறுத்திக்கொண்டது. பயணிகளின் வசதியும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் தொலைவுக்கான விலையை ஆட்களைக் குறைத்தே செலுத்த வேண்டியிருக்கிறது என்பதே என் கருத்து.

அந்த நிறுவனத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி வான்வழி துண்டிக்கப்பட்ட பின், 1943 முதல் 1945 வரை அதன் கேட்டலினா கடல் விமானங்கள் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கல ஏரிக்கும் இடையே இடைநில்லாமல் பறந்தன. அவசியமற்ற பொருள்களையெல்லாம் கழற்றி எறிந்து எரிபொருளை நிரப்பியபின், மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. 27 முதல் 33 மணி நேரம் வரை நீண்ட அப்பயணத்தில் சூரியன் இருமுறை உதித்தது. ‘சன்ரைஸ்’ என்ற பெயர் அங்கிருந்தே வந்தது.

எடைக்கணக்கு தீர்ந்தாலும் உடலின் கணக்கு மிஞ்சுகிறது. 2019 அக்டோபரில் 49 பேருடன் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடம் நீண்ட ஆய்வுப் பயணம் நடந்தது. விமானம் இரவில் கிளம்பியும், வழக்கம்போல் உணவளித்து உறங்கவிடவில்லை. சிட்னி நேரத்துக்கு உடலைப் பழக்குவதற்காக, விளக்குகளை எரியவிட்டு, காரமான உணவைப் பரிமாறி, பயணிகளை விழித்திருக்கச் செய்தார்கள். சிட்னியில் பொழுது சாய்ந்த பிறகே விமானத்துக்குள் விளக்குகள் மங்கின.