சுருள் பரிமாணம்

'பரிணாம வளர்ச்சி' என்று வரவேண்டிய இடத்தில் 'பரிமாண வளர்ச்சி' என்று எழுதுபவர்கள் குறையவே இல்லை. பரிணாமம் என்றால் மாறிக்கொண்டே வருவது. பரிமாணம் என்றால் அளவு, ஆங்கிலத்தின் 'டைமென்ஷன்'. ணகரமும் மகரமும் இடம் மாறினால் டார்வின் வடிவியலுக்குள் வந்துவிடுவார்.

வடமொழியில் 'மா' என்பது அளத்தலைக் குறிக்கும் வேர். அதோடு 'பரி' சேர்ந்தது பரிமாணம். டைமென்ஷனோ, அளத்தலைச் சொல்லும் 'மெட்டிரி' என்ற லத்தீன் வினையின் வழி வந்தது. இரண்டு வேர்களும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் போய்ச் சேர்கின்றன. ஆக, ஒன்றுக்கு ஒன்று மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, தூரத்துப் பங்காளியும்கூட. தனித்தமிழில் 'அளவை' எனலாம்தான். ஆனால் லாஜிக்கை அளவையியல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பரிமாணமே இருக்கட்டும்.

ஓர் இடத்தைக் குறிக்க எத்தனை அளவு தேவையோ அத்தனை பரிமாணம். 'வேறு பரிமாணத்திலிருந்து வந்தவன்' என்று கதைகளில் வருவது, 'அகலத்திலிருந்து வந்தவன்' என்பதைப் போல. பரிமாணம் ஓர் ஊரல்ல.

அடிப்படைத் துகள்கள் எல்லாம் அதிரும் நுண்ணிழைகளே என்று சொல்லும் இழைக் கோட்பாட்டின் (ஸ்ட்ரிங் தியரி) கணக்கு பிசகாமல் நிற்க, காலத்தோடு சேர்த்துப் பத்து பரிமாணம் வேண்டும். நமக்குத் தெரிவது நான்கு. மிச்சம் ஆறு எங்கே? விடையின் விதை அந்தக் கோட்பாட்டுக்கு முந்தையது. 1921-இல் கணிதர் தியோடர் கலூசா ஐந்தாவது பரிமாணம் ஒன்றைச் சேர்த்து, ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். அது ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு 1926-இல் இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன் பதில் சொன்னார்: அது மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கிறது.

இதைத்தான் ஆங்கிலத்தில் 'காம்பாக்ட்' என்கிறார்கள். தமிழில் 'சுருங்கிய பரிமாணம்' என்று எழுதினால் பாதிதான் சரி. சுருங்கியது சிறியது, அவ்வளவுதான். சுருண்டது தன்னிடமே திரும்பி வருவது. கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துங்கள். எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் ஒரு கோல். நீளம் மட்டும் தெரியும். பாயின் அகலம் எங்கும் போய்விடவில்லை, கோலைச் சுற்றிக் கிடக்கிறது. உவமையில் ஒரு குறை: பாய்க்கு ஓரம் உண்டு. பரிமாணத்தில் இரண்டு ஓரமும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். நேரே நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். அதனால் என் ஓட்டு 'சுருள் பரிமாண'த்துக்கே. நம் 'சுருட்டு' கப்பலேறி ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. அந்த வினையை இங்கேயும் நம்பலாம்.

ஆறு பரிமாணம் சேர்ந்து சுருளும்போது வெறும் வட்டம் போதாது. 1985-இல் கேண்டலாஸ், ஹொரோவிட்ஸ், ஸ்ட்ராமிங்கர், விட்டன் என்ற இயற்பியலாளர்கள் நால்வரும் அந்த ஆறுக்கும் கலாபி–யாவ் வடிவங்களைப் பொருத்தினார்கள். கணிதர் யூஜினியோ கலாபி 1950-களில் ஊகித்தவற்றை ஷிங்-துங் யாவ் 1970-களில் நிறுவியிருந்தார். அந்த நால்வரின் கணக்கில், அவ்வடிவத்தின் ஆய்லர் எண்ணில் (வடிவத்தின் அமைப்பைச் சுருக்கிச் சொல்லும் ஒரு முழு எண்) பாதிதான் துகள் குடும்பங்களின், அதாவது எலக்ட்ரான், குவார்க் போன்ற பொருள்துகள் தொகுதிகளின், எண்ணிக்கை. பெயர்போன ஒரு வடிவத்துக்கு அந்த எண், கழித்தல் குறியை விட்டுவிட்டால், 200. ஆக நூறு குடும்பங்கள்! நாம் கண்டிருப்பதோ மூன்று. ஆய்லர் எண் ஆறாக வரும் வடிவத்தைத் தேடிப் பிடிக்கவேண்டியதாயிற்று.

இவ்வடிவங்களுக்குப் பொதுப்பெயர் 'மேனிஃபோல்ட்'. அதைப் 'பன்மடி' என்று பெயர்த்தால், இல்லாத மடிப்பை வாசகர் தேடுவார். 'கலாபி–யாவ் வெளி' போதும்.