அகதிகள் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டிய பேச்சு

போரிலிருந்தும் அடக்குமுறையிலிருந்தும் தப்பி வந்த குடும்பங்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்குவது என் தொழில். ஆனால் என் நேரத்தில் ஏறத்தாழப் பாதி, அவர்கள் குடியேறும் இடத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவர்களோடு பேசுவதில்தான் கழிகிறது. சில குடும்பங்கள் வரப்போகின்றன என்ற அறிவிப்பு வெளியான நாளிலேயே, அவர்களுக்கு முன்பாக வதந்தி வந்து சேர்ந்துவிடுகிறது. நம் வேலை பறிபோகுமா, நோய் பரவுமா, இரவில் பெண்கள் நடமாட முடியுமா என்ற கேள்விகளை எழுப்புகிறவர்கள் ஈரமற்றவர்கள் அல்லர். தங்களைக் கேட்காமலேயே தங்கள் வாழ்க்கை மாற்றப்படுவதாக உணர்கிறவர்கள். தொழிலின் தொடக்க காலத்தில் இக்கேள்விகளுக்கு மனிதநேயம் பற்றிய உரையால் பதில் சொன்னேன். அது அவர்களை வெட்கப்படுத்தியது. வாயடைத்து வீடு திரும்பியவர்களின் அச்சம், நான் இல்லாத இடங்களில் இன்னும் உரக்கப் பேசியது.

ஆகவே இப்போது முதலில் தகவலைச் சொல்கிறேன். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி, இனம், மதம், நாட்டுரிமை, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த அச்சத்தால் நாட்டைவிட்டு வெளியேறி, அந்நாட்டின் பாதுகாப்பை நாட இயலாதவரே அகதி. உயிருக்கோ சுதந்திரத்திற்கோ ஆபத்துள்ள இடத்திற்கு அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது அதன் 33ஆவது பிரிவு. அச்சம் என்ற சொல் அகதியின் வரையறைக்குள்ளேயே இருப்பதைக் கூட்டங்களில் நான் எடுத்துச் சொல்வதுண்டு. அறையில் அச்சப்படுகிறவர்கள் ஒரு தரப்பினர் மட்டுமல்லர்.

உலகமே நம்மை நோக்கி வருகிறது என்ற எண்ணத்தையும் எண்களோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகத்தின் கணக்கின்படி, 2024 இறுதியில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தவர்கள் சுமார் 12.3 கோடிப் பேர். அவர்களில் ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் தம் சொந்த நாட்டின் எல்லையையே கடக்கவில்லை. கடந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் அண்டை நாட்டிலேயே தங்கிவிட்டனர். நிலைமை சீரானதும் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கை பலரை எல்லைக்கு அருகிலேயே நிறுத்தி வைக்கிறது.

வேலை பற்றிய அச்சத்துக்கு மழுப்பலான பதில் உதவாது. 1980இல் சில மாதங்களுக்குள் சுமார் 1,25,000 கியூபர்கள் கடல்வழியாக அமெரிக்காவுக்கு வந்தபோது, மியாமி நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 7 சதவீதம் உயர்ந்தது. அங்கு ஊதியத்திலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரியவில்லை என்று பொருளியலாளர் டேவிட் கார்டு 1990இல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களின் ஊதியம் குறைந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னாளில் வாதிட்டார். நான் இரண்டையும் சொல்கிறேன். ஒன்றை மறைத்தால், அது வெளிப்படும் நாளில் நான் சொன்ன மற்றவையும் பொய்யாகிவிடும். வாடகை வீடுகளின் தட்டுப்பாடும் வகுப்பறை நெரிசலும் கற்பனை அல்ல. அவற்றுக்கு நிதியும் திட்டமும் வேண்டும், ஆறுதல் போதாது. நோய் பற்றிய அச்சமோ பெரும்பாலும் ஆதாரமற்றது: ஐரோப்பியப் பிராந்தியத்தை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கை, அகதிகளிடமிருந்து உள்ளூர் மக்களுக்குத் தொற்று பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்றே கண்டது.

என் துறை சார்ந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் தின்ற மனிதர்கள் எந்நேரமும் வெடிக்கக்கூடியவர்கள் என்று பலர் நம்புகிறார்கள். மோதல்களால் பாதிக்கப்பட்ட மக்களில் ஏறத்தாழ 22 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக 2019இல் மதிப்பிடப்பட்டது. அதாவது பெரும்பாலோருக்கு இல்லை. இருப்பவர்களிடமும் நான் மிகுதியாகக் காண்பது உறக்கமின்மையும் ஒதுங்கி இருத்தலும்தான். அடையாளத்தை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அண்டை வீட்டார் உதவிப் பொருள்களுடன் மூன்று முறை சென்றும் ஒரு பெண் கதவைத் திறக்கவில்லை. திமிர் என்று பேச்சு கிளம்பியது. முன்பொரு நாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் அவருடைய கணவரைக் கொண்டுபோனார்கள். அவருடைய ஒப்புதலோடு, காரணத்தைச் சொல்லாமல், வருவதற்கு முன் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கதவு திறந்தது.

இரு தரப்பினரும் வெறுமனே சந்தித்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வலியுறுத்தியது போல, சந்திப்பு சமநிலையிலும் பொதுவான நோக்கத்தோடும் ஒத்துழைப்போடும் நிறுவனங்களின் ஆதரவோடும் நிகழும்போதுதான் முன்முடிவுகள் நன்கு தளர்கின்றன. மேடையில் ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கும் வரவேற்பு விழாவில் இந்தச் சமநிலை இல்லை. (புகைப்படம் மட்டும் தவறாமல் எடுக்கப்படுகிறது.) பழுதான விளையாட்டுத் திடலைச் சேர்ந்து சீரமைத்த ஒரு வார இறுதி, எங்கள் மூன்று விழாக்களைவிட அதிகம் சாதித்தது. கனடாவில் 1979-80இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த சுமார் 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோரைச் சாதாரணக் குடிமக்களின் குழுக்களே பொறுப்பேற்றன. அந்த ஏற்பாட்டில் அகதி என்பவர் செய்தியில் வரும் கூட்டம் அல்லர். பெயர் தெரிந்த ஒருவர். ஆயினும் பொறுப்பேற்றவர்கள் அவருடைய செலவையும் உடையையும் பிள்ளை வளர்ப்பையும் கண்காணிக்கத் தொடங்கிவிடும் அபாயம் இதில் உண்டு. அதை எல்லாத் தன்னார்வலர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நடைமுறையில் அதிகத் தீங்கு செய்வது குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக்குவது. பிள்ளைதான் மொழியை முதலில் கற்கிறது. எனவே அண்டை வீட்டார் எல்லாவற்றையும் பிள்ளையிடமே சொல்கிறார்கள். இரவு நேர ஓசை பற்றிய புகார்களை ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், தந்தை வருந்துவார் என்று மாதக்கணக்கில் வீட்டில் சொல்லவே இல்லை. பலமுறை சொல்லியும் மதிக்காத குடும்பம் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. வயது வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துப் பேசியபோது, இரவுப் பணி முடிந்து வரும் தந்தை இழுக்கும் இரும்புக் கதவின் ஓசைதான் அது என்று தெரிந்தது. கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டார்கள்.