நொதிச் செயல்பாட்டு அளவீடு

உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதமான ‘என்சைம்’ எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, மருத்துவ ஆய்வகங்களில் செய்யும் ‘என்சைம் அசே’ எனப்படும் சோதனைக்குத் தமிழில் ‘நொதிச் செயல்பாட்டு அளவீடு’ என்பதே பொருத்தமான பெயர். ‘என்சைம்’ என்ற சொல்லை ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே 1877இல் கையாண்டார்; ‘புளித்த மாவினுள் இருப்பது’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களே அதன் வேர். நொதித்தலோடு உறவுடைய ‘நொதி’ அந்தப் பொருளை அப்படியே தாங்குகிறது. ‘அசே’ பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். பொன்னின் மாற்றுக் காண்பதையும் அது குறிக்கும்.

‘நொதிச் சோதனை’ என்று சுருக்கி எழுதுவது போதாது. மரபணுப் பிழையால் உருக்குலைந்த நொதி, உயிரணுவில் இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கக்கூடும். எனவே இச்சோதனை அளப்பது நொதியின் இருப்பை அன்று, குறித்த நேரத்தில் அது செய்து முடிக்கும் வேலையை. ‘செயல்பாடு’ என்ற சொல்லை விட்டால் சோதனையின் உயிரே போய்விடும்.

கௌச்சர் நோயை எடுத்துக்கொள்வோம். குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்னும் நொதி குறைவதால், அது சிதைக்க வேண்டிய கொழுப்புப் பொருள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மச்சை ஆகியவற்றில் தேங்குகிறது. ஆய்வகத்தில், வெள்ளையணுக்களிலிருந்து எடுத்த சாற்றுடன், நொதி வெட்டினால் மட்டுமே ஒளிரும் மூலக்கூறு விடுபடும்படி அமைந்த செயற்கை வினைபொருளைச் சேர்த்து, அமிலக் கரைசலில் 37 பாகை செல்சியசில் வைக்கிறார்கள். குறித்த நேரம் கழிந்ததும் காரக் கரைசலை ஊற்றி வினையை நிறுத்தி, புற ஊதா ஒளியில் எழும் நீல ஒளிர்வை அளக்கிறார்கள். விடை பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு, ஒரு மணி நேரத்தில் எத்தனை நானோமோல் (மூலக்கூறுகளின் அளவைக் குறிக்கும் மிகச் சிறிய அலகு) ஒளிரும் மூலக்கூறு விடுபட்டது என்று அமையும். அதே மாதிரியில் வேறொரு நொதியையும் அளந்து பார்ப்பது இன்றியமையாதது. அதுவும் குறைந்திருந்தால், நோயைக் காட்டிலும் மாதிரி கெட்டுப்போனதையே முதலில் ஐயுற வேண்டும்.

குறைந்த அளவு எல்லா நேரத்திலும் நோயைக் குறிப்பதில்லை. அரைல்சல்ஃபடேஸ் ஏ என்னும் நொதி, நலமாக உள்ள சிலரிடமும் சோதனையில் மிகக் குறைவாகவே தென்படும். இதைப் ‘போலிக் குறைபாடு’ எனலாம். ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஏ என்னும் நொதியின் குறைபாட்டால் வரும் ஃபேப்ரி நோய் உள்ள பெண்களிடமோ இதற்கு நேர்மாறாக, நோய் இருந்தும் அந்நொதியின் செயல்பாடு இயல்பாகத் தோன்றக்கூடும் என்பதால், அவர்களுக்கு மரபணுச் சோதனையைக் கொண்டே நோயை உறுதி செய்கிறார்கள்.