கீழே கச்சான், மேலே கொண்டல்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு எவ்வளவு தூரம் என்று பஸ் சாரதியைக் கேட்டால் 300 கிலோமீற்றருக்கு மேல் என்பார். அது ரோட்டுக் கணக்கு. வாவியோரத்தில் இருக்கிற நம் விமான நிலையத்திலிருந்து, கொழும்பின் விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவுக்கு வான்வழியே அளந்தால் ஏறத்தாழ 206 கிலோமீற்றர்தான். இரண்டு இடங்களின் அகலக்கோடும் நெடுங்கோடும் தெரிந்தால் போதும், கணக்குப் போட்டுவிடலாம்.

இவ்வளவு கிட்டத்தில் என்றால் வரைபடத்தில் அடிமட்டம் வைத்தே பார்க்கலாம். தூரம் கூடினால் அடிமட்டம் ஏமாற்றும். உருண்டையான ஒரு வத்தகைப்பழத்தை எடுங்கள். நடுவயிற்றுக்குச் சற்று மேலே ஒரு குண்டூசி, அது கொழும்பு. பழத்தின் மறுபக்கத்தில், காம்புக்கும் நடுவயிற்றுக்கும் இடையே இன்னொன்று, அது ரொறன்ரோ. இடையில் நூலை இழுத்துக் கட்டினால் அது பக்கவாட்டில் போகாது, காம்பை நோக்கி ஏறி இறங்கும். உண்மையிலும் அப்படித்தான். கொழும்பு–ரொறன்ரோ குறுகிய பாதை ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். அது 72 பாகை வடக்கு வரை, அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே போய்த்தான் இறங்குகிறது.

சரி, தூரம் கிடைத்துவிட்டது. வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடுமா? டுபாயை எடுப்போம், நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த பாதை. கட்டுநாயக்கவிலிருந்து சுமார் 3,300 கிலோமீற்றர். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் 3 மணி 53 நிமிடம். ஆனால் விமானம் ஓடுவது காற்றுக்குள், அந்தக் காற்றும் நகர்கிறது. எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் 4 மணி 24 நிமிடம் ஆகும். அதே காற்று திரும்பி வரும்போது முதுகில் தள்ளினால் 3 மணி 28 நிமிடம். கூட்டிப் பாருங்கள்: காற்றே இல்லாத நாளைவிட 6 நிமிடம் அதிகம். எதிர்க்காற்றில் நேரம் கூடச் செலவாவதால் பின்காற்று அதை முழுதாக ஈடுகட்டாது. வாவியில் தோணி வலித்தவருக்கு இது புதிதல்ல.

காற்றுதான் இதில் சுவையான பகுதி. யூலையில் நம்மைச் சுடுகிற கச்சான், மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கி வரும் தென்மேற்குப் பருவக்காற்று. அதே நாளில் 12, 15 கிலோமீற்றர் உயரத்தில் காற்று நேர்மாறாக, கிழக்கிலிருந்து வீசும், மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில். உயரத்தில் ஆறுபோல் ஒடுங்கி விரைந்து ஓடும் காற்றைத் தாரைக்காற்று என்பார்கள்; கிழக்கிலிருந்து வருவதால் கீழைத்தாரைக் காற்று என்று இதற்குப் பெயர். இந்திய வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம் 1958இல் இதைப் பற்றி எழுதினார். கிழக்கிலிருந்து வரும் காற்று, நம் பழைய சொல்லில் கொண்டல். ஆக, யூலையில் டுபாய் போகிறவருக்குப் பாதையின் தென்பகுதியில் பின்காற்று. சனவரியில் வளைகுடாவுக்கு மேலே மேற்கிலிருந்து வேறொரு தாரைக்காற்று வீசும். அப்போது போவது மெதுவாகும், வருவது விரைவாகும்.

இறங்கியதும் அங்குள்ள கடிகாரத்தைப் பார்த்து, புறப்பட்ட நேரத்தைக் கழித்துப் பறந்த நேரத்தைக் கணக்கிடுகிறவர்கள், டுபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் என்பதை மறந்துவிடுகிறார்கள். அது தனிக் குழப்பம்.

மட்டக்களப்புக்கு வருகிற சின்ன விமானத்துக்கு இந்தக் கொண்டல் எட்டாது. அது பறப்பது மூன்று கிலோமீற்றர் அளவு உயரத்தில். அங்கே இன்னும் மேற்கிலிருந்து வீசும் காற்றுதான். யூலையில் கொழும்புக்குப் போகும்போது அது முகத்தில் மோதும், ஊர் திரும்பும்போது முதுகில் தள்ளும்.