விடுதலைத் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

போன வாரம் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகனும் திருகோணமலையிலுள்ள என் சட்டத்தரணி அலுவலகத்துக்கு வந்தார்கள். தாய் கைப்பையைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். மகனை நீதவான் விடுதலை செய்த கட்டளையின் அத்தாட்சிப் பிரதி. கசங்கிவிடக் கூடாதென்று லேமினேட் பண்ணியிருந்தார்.

"இப்ப நட்டஈடு கேக்கலாம்தானே மிஸ்?"

மூன்று வருடத்துக்கு முன்னர் அந்த ஊரில் ஒரு படகு இயந்திரம் களவு போனது. யாரோ இந்தப் பையனின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை சிவில் உடையில் இரண்டு பேர் வந்து, "ஒரு வாக்குமூலம் மட்டும்தான், அரை மணித்தியாலத்தில விட்டிடுவம்" என்று கூட்டிப்போனார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது வெள்ளிக்கிழமை. பொலிஸ் புத்தகத்தில் கைது செய்த நேரம் வியாழன் பின்னேரம் என்று இருக்கிறது. நடுவில் இரண்டு இரவுகள் எங்கும் பதியப்படவில்லை. பிறகு பதினான்கு நாள் ரிமாண்ட், பிணை, இரண்டரை வருடம் தவணை. கடைசியில் முறைப்பாட்டாளரே "இந்தப் பிள்ளையை நான் கண்டதில்லை" என்று சொல்ல, வழக்கு முடிந்தது. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தத் தாய்க்கு நான் சொல்ல வேண்டியிருந்தது: "அம்மா, நட்டஈடு கேட்டுக் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குப் போகிற காலம் மூன்று வருடத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது." அவர் அந்தக் கடதாசியைத் திரும்ப எடுத்து, இரண்டு தரம் துடைத்து, பைக்குள் வைத்தார். இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவர்கள் நான்காவது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, சட்டம் சொல்லும் நடைமுறைப்படி அல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது என்கிறது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், நீதிபதி முன்னால் கொண்டுபோக வேண்டும். இதை மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் நட்டஈடு கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அந்த மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். வழக்கு முடிந்து ஒரு மாதம் இல்லை. பிணை கிடைத்து ஒரு மாதமும் இல்லை. உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதம். தயவுசெய்து இந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

"அதெப்படி, குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வராமல் பிழையான கைது என்று எப்படிச் சொல்வது?" எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்கிறார்கள், போன மாதம் ஒரு வங்கி முகாமையாளரும் கேட்டார். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீதவான் முன்னால் நடப்பது ஒரு கேள்வி: இவர் அந்தக் குற்றத்தைச் செய்தாரா? உயர் நீதிமன்றத்தில் நடப்பது முற்றிலும் வேறு கேள்வி: கைது செய்த அந்த நேரத்தில், அந்தப் பொலிஸ் அதிகாரியின் கையில் நியாயமான சந்தேகத்துக்கு இடந்தரும் தகவல் இருந்ததா? காரணம் சொன்னாரா? 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் கொண்டுபோனாரா? இரண்டாவது கேள்விக்கு முதலாவதின் பதில் தேவையில்லை. குற்றம் செய்தவராகவே இருந்தாலும், சட்டவிரோதமாக இரண்டு இரவு அடைத்துவைத்தால் அவருடைய உரிமை மீறப்பட்டதுதான். மறுபக்கமும் இருக்கிறது, இது பலருக்குக் கசக்கும்: முழுக்க அப்பாவியாக இருந்தாலும், கைது நேரத்தில் நியாயமான சந்தேகம் இருந்து நடைமுறையும் சரியாக நடந்திருந்தால் மனு தோற்கும். விடுதலையான ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் இவ்வளவு ரூபா கொடுக்கும் என்று சொல்லும் சட்டம் எங்கள் நாட்டில் இல்லை. லேமினேட் பண்ணிய அந்தக் கடதாசி அந்த மகனின் பெயரைக் காப்பாற்றும். மனுவைக் காப்பாற்றாது.

இந்தப் பிழையான எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். மாவட்ட நீதிமன்றத்தில் போடுகிற இன்னொரு வழக்கு இருக்கிறது: வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு வழக்குத் தொடுத்ததற்கான நட்டஈட்டு வழக்கு. அதற்குத்தான் முதல் வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதில் கெட்ட நோக்கத்தை நீங்களே நிரூபிக்க வேண்டும், முன்கூட்டியே ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதற்கும் காலவரையறை உண்டு. அந்தத் தாய்க்கு நான் காட்டக்கூடியதாக இருந்த ஒரே கதவு அதுதான். மிக ஒடுங்கிய கதவு.

இன்னொரு குழப்பம் யூடியூப்பால் வருகிறது. தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் நல்ல தமிழில், தெளிவாக, அவர்களுடைய சட்டத்தைச் சொல்கிறார்கள். பிழை அவர்களிடம் இல்லை. அவர்கள் "உயர் நீதிமன்றம்" என்பது மாநிலத்திலுள்ள நீதிமன்றத்தை. நாங்கள் உயர் நீதிமன்றம் என்பது கொழும்பு புதுக்கடையிலிருக்கும் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை. திருகோணமலையில் இருப்பது மேல் நீதிமன்றம், அதற்கு 126இன் கீழ் அதிகாரம் இல்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு மேல் நீதிமன்ற வாசலில் ஒரு கிழமையைத் தொலைத்தவரை எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் ஒரு கிழமை என்பது பெரிய தொகை.

சரி, ஒரு மாதம் போதாதென்றால்? இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது, திருகோணமலையிலும் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு, தொலைபேசி இலக்கம் 1996. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டாத மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருக்கிறது. ஆணைக்குழுவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும், போன ஒவ்வொரு திகதியையும் வைத்திருங்கள். தொடர்புகொள்ள முடியாமல் அடைத்துவைக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் காலக்கணக்கில் இரக்கம் காட்டியதுண்டு. அதை நம்பி இருப்பது ஆபத்து.

"மகன் ரிமாண்டில், அவன் வந்துதானே கையெழுத்து வைக்க வேண்டும்?" வேண்டியதில்லை. அவர் சார்பில் சட்டத்தரணி மனுச் செய்யலாம் என்று 126ஆம் உறுப்புரையே சொல்கிறது. நாங்கள் சிறைக்குப் போய் அவரைக் காண்போம். தாயோ மனைவியோ தாங்கள் கண்டதைச் சத்தியக் கடதாசியில் கொடுக்கலாம்.

இன்னொன்று, எங்கள் பக்கம் அதிகம் அடிபடுகிற சங்கதி: "அவனைக் கைது செய்யவில்லை மிஸ், விசாரணைக்குத்தான் கூப்பிட்டது." அப்படியானால் எழும்பி வீட்டுக்கு வர முடிந்ததா என்று கேட்பேன். முடியாது என்றால் அது கைதுதான். 1988இல் கட்டுநாயக்க விமான நிலையச் சுங்க அதிகாரிகளின் வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அவர்கள் தங்கள் சொந்தக் கார்களைத் தாங்களே ஓட்டிக்கொண்டுதான் பொலிஸ் நிலையம் போனார்கள். ஆனாலும் போகாமலிருக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருக்கவில்லை, ஆகவே கைது என்றது நீதிமன்றம். "வாக்குமூலம் மட்டும்" என்ற சொல்லில் மயங்காதீர்கள்.

ரிமாண்ட் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீதவான் விளக்கமறியலில் வைத்தது நீதிமன்றத்தின் கட்டளை. பொதுவாக அந்த நாட்களுக்கு 126இன் கீழ் நிவாரணம் கேட்க முடியாது. பொலிஸார் பொய்யான அறிக்கை கொடுத்துத்தான் அந்தக் கட்டளையை வாங்கினார்கள் என்றால் கதை வேறு, அதை மனுவிலேயே சொல்ல வேண்டும். ஆகவே "பதினான்கு நாள் உள்ளே இருந்தேன், ஒரு நாளுக்கு இவ்வளவு" என்று கூட்டிக் கழித்துக்கொண்டு வராதீர்கள். பல மனுக்களின் உயிர் அந்தப் பதிவில்லாத முதல் இரண்டு இரவில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு இரவை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் வீட்டுக்காரர்கள் அக்கறை எடுக்க வேண்டும். போன வாரமே இன்னொரு பெண் வந்தார். தம்பியைக் கொண்டுபோய் ஒன்பதாவது நாள். கையில் பிள்ளையின் பாடசாலைக் கொப்பி ஒன்று. அதன் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதியிருந்தார்: திங்கள் 6.20, வெள்ளை வான், மூன்று பேர், ஒருவர் மட்டும் சீருடை. 7.05, பொலிஸில் கேட்டோம், இங்கே இல்லை என்றார்கள். 9.40, தம்பியின் போனுக்கு எடுத்தோம், யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள். செவ்வாய் காலை சாப்பாடு கொடுத்தோம், வாங்கினார்கள். "இங்கே இல்லை" என்று சொன்ன இடத்திலேயே மறுநாள் சாப்பாடு வாங்கியிருக்கிறார்கள்! அந்தக் கொப்பியைக் கண்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை பெரிய மனுவும் இப்படிப்பட்ட நாலு வரியில்தான் நிற்கும்.

நீங்களும் எழுதுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள், வாகன இலக்கத்தைப் பாருங்கள். எதிர்க் கடையில் கமரா இருந்தால் அன்றைக்கே கேளுங்கள், சில நாளில் பதிவு அழிந்துவிடும். பொலிஸில் "இல்லை" என்றால் யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று குறியுங்கள். பொலிஸ்மா அதிபருக்கும் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அன்றே அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தரணியை அங்கேயே அனுப்புங்கள். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகத் தோன்ற எங்களுக்கு உரிமையுண்டு, 2012இல் இதற்கென்று விதிகளே வந்தன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கொண்டுபோனால் 72 மணித்தியாலம் வரை வைத்திருக்கலாம், அதன் பின் தடுப்புக்காவல் கட்டளையும் வரலாம். அந்தக் கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது அவர்களுடைய கடமை. அறிவித்தார்களா என்று 1996க்கு எடுத்துக் கேளுங்கள்.

அடித்திருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் சொல்லச் சொல்லுங்கள், நீதவானிடமும் சொல்லச் சொல்லுங்கள். "படியில் விழுந்தேன்" என்று டொக்டருக்குச் சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து என்னிடம் உண்மை சொன்னால் நான் என்ன செய்ய? பயம் எனக்கு விளங்குகிறது, பக்கத்தில் அடித்தவரே நிற்பார். அப்படியென்றால் டொக்டரிடம் அவரை வெளியே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வடக்குக் கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. "எனக்கு விளங்கும் மொழியில் எழுதுங்கள்" என்று கேட்பது அடாவடித்தனம் இல்லை. வேறு வழியின்றி வைக்க நேர்ந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "வாசித்துக் காட்டவில்லை" என்று தமிழில் எழுதுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். அது நீதிமன்றத்தின் கையில். 2010 டிசம்பரில் கொழும்புப் பக்கம் நடந்த ஒரு கைதுக்கும் சித்திரவதைக்கும் 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பிற்காலத்தில் பொலிஸ்மா அதிபராக வந்தவர் உட்படச் சில அதிகாரிகள் தலா 5 இலட்சம் ரூபா கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பதின்மூன்று வருடம். ஆகவே வீடு கட்டுகிற கணக்கோடு யாரும் இதில் இறங்க வேண்டாம். ஆனால் அந்தப் பணம் அதிகாரியின் சொந்தப் பொக்கெற்றிலிருந்து போகிறது, அவருடைய பெயர் தீர்ப்பில் ஏறுகிறது. அடுத்த பையனை "அரை மணித்தியாலம்" என்று கூட்டிப்போக முன்னர் ஒரு தரம் யோசிப்பார்.

"பொலிஸோடு பகைத்துக்கொண்டு ஊரில் எப்படி இருப்பது?" என்று கேட்பவர்களை நான் ஒருபோதும் ஏசுவதில்லை. இந்த மாவட்டத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மனுப் போடுவதா இல்லையா என்பது உங்கள் முடிவு. ஆனால் அந்த முடிவை முப்பது நாளுக்குள் எடுங்கள், தெரியாமல் விட்டுவிடாதீர்கள். ஒரு சட்டத்தரணியிடம் ஒரு தடவை வந்து கேளுங்கள், பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

கொப்பி கொண்டுவந்த அக்காவின் சத்தியக் கடதாசி நேற்று முடிந்தது. நாளை இரவு பஸ்ஸில் கோப்பு கொழும்புக்குப் போகிறது. இன்றைக்கு பதினாறாவது நாள்.